தெருவுக்கு ஒரு காவலன், சந்திக்கு ஒரு காவலன்!

கம்ப்யூட்டர்களைக் காக்கும் "பயர்வால்" எங்கே நிற்க வேண்டும்?

2017-ம் ஆண்டு மே மாதம் 12-ந்தேதி, வெள்ளிக்கிழமை.

பிரிட்டனில் உள்ள ஆஸ்பத்திரிகளில் அன்றும் வழக்கம் போல் கூட்டம். டாக்டர்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, நோயாளிகளின் பழைய விவரங்களைப் பார்த்து, மருந்து எழுதிக் கொண்டு இருந்தார்கள்.

திடீரென்று திரைகள் சிவப்பாக மாறின!

கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டு விட்டன என்றும், அவற்றைத் திறக்க 300 டாலர் கொடுக்க வேண்டும் என்றும் திரையில் அறிவிப்பு வந்தது. ஒரு கம்ப்யூட்டரோடு அது நிற்கவில்லை. அடுத்த மேஜை, அடுத்த அறை, அடுத்த கட்டிடம் என்று பரவிக் கொண்டே போனது.

அதன் பெயர் "வான்னா கிரை". "அழ வேண்டுமா?" என்று கேலியாகக் கேட்பது போன்ற பெயர்!

அது ஒரு கம்ப்யூட்டர் புழு. உயிருள்ள புழு அல்ல. கெட்ட எண்ணத்தோடு எழுதி விடப்பட்ட கட்டளைகளின் தொகுப்பு. தன்னைப் போலவே இன்னொன்றைச் செய்து, பக்கத்துக் கம்ப்யூட்டருக்குத் தானாகவே தாவும் குணம் அதற்கு உண்டு.

சில நாட்களுக்குள் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களை அந்தப் புழு பிடித்துக் கொண்டது.

இங்கிலாந்தில் 236 பொது ஆஸ்பத்திரி நிர்வாகங்கள் இருந்தன. அவற்றில் குறைந்தது 81 நிர்வாகங்களின் வேலை கெட்டது. 5 இடங்களில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள், தொலைவில் உள்ள வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. ஆபரேஷன்கள் தள்ளிப் போயின. டாக்டரைப் பார்க்கக் குறித்துக் கொடுத்த நேரங்களில் 19 ஆயிரத்துக்கு மேல் ரத்தாகி இருக்கும் என்று பின்னர் கணக்கிட்டார்கள். நோயைக் கண்டுபிடிக்கும் கருவிகளில் 1,220 கருவிகளும் புழுவுக்கு இரையாயின.

அந்த ஆண்டு அக்டோபர் மாதம், பிரிட்டனின் தேசிய தணிக்கை அலுவலகம் இதைப்பற்றி அறிக்கை வெளியிட்டது. புழு நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வெளிவந்து இருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் அதைப் போட்டுக் கொள்ளவில்லை. அது மட்டும் அல்ல. இன்டர்நெட்டைப் பார்த்து நிற்கும் பயர்வால்களைச் சரியாகக் கவனித்து இருந்தால், திருத்தம் போடாதவர்கள் கூடத் தப்பி இருக்கலாம் என்றும் அந்த அறிக்கை சொல்லிற்று.

அது என்ன பயர்வால்? அது எங்கே நிற்கிறது? எப்படிக் காக்கிறது? கேளுங்கள்.

நெருப்பைத் தடுக்கும் சுவர்

"பயர்" என்றால் நெருப்பு. "வால்" என்றால் சுவர். ஒரு வீட்டில் பிடித்த தீ, பக்கத்து வீட்டுக்குப் பரவாமல் இருக்க நடுவில் எழுப்பும் தடித்த சுவருக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர்.

கம்ப்யூட்டர் உலகில் தீ முதன்முதலில் பெரிதாகப் பிடித்தது 1988-ம் ஆண்டு நவம்பர் 2-ந்தேதி. அமெரிக்காவில் ராபர்ட் மாரிஸ் என்ற மாணவர் எழுதி விட்ட புழு, அன்றைய இன்டர்நெட்டில் இருந்த கம்ப்யூட்டர்களில் ஆயிரக்கணக்கானவற்றைத் திணற அடித்தது. அது வரை இன்டர்நெட்டில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் நம்பிக் கதவைத் திறந்தே வைத்து இருந்தார்கள். பிறகுதான், "நடுவில் ஒரு சுவர் வேண்டும்" என்ற எண்ணம் வலுத்தது.

இந்தச் சுவர் செங்கல் சுவர் அல்ல. ஒரு பெட்டி. அதில் கம்பிகளைச் செருகுவதற்குப் பல துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளைக்கும் "இன்டர்பேஸ்" என்று பெயர். ஒரு துளை வழியாக வரும் தகவலைப் பெட்டி நிறுத்தி விசாரிக்கும். "எங்கிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்? எந்தக் கதவைத் தட்டப் போகிறாய்?" என்று கேட்கும். பதில் சட்டத்துக்கு ஒத்து வந்தால், இன்னொரு துளை வழியாக வெளியே விடும். இல்லாவிட்டால் அங்கேயே தடுத்துவிடும்.

சுவர் என்று சொன்னாலும் அது செய்வது காவல்காரன் வேலைதான்.

இந்தக் காவல்காரனை இரண்டு விதமாக நிறுத்தலாம். ஒன்று "லேயர் 2" முறை. மற்றொன்று "லேயர் 3" முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் காவல் போட்டால், பணமும் போகும், காவலும் இருக்காது.

ஒருவருக்கு இரண்டு முகவரி

"லேயர்" என்றால் அடுக்கு. கம்ப்யூட்டர்கள் ஒன்றோடு ஒன்று பேசும் வேலையை ஏழு அடுக்குகளாகப் பிரித்துச் சொல்லும் ஒரு முறை, 1984-ம் ஆண்டு உலகத் தர நிர்ணய சபையால் வெளியிடப்பட்டது. முதல் அடுக்கு, கம்பியும் மின்சாரமும். அதற்கு மேலே இரண்டாவது அடுக்கு. அதற்கும் மேலே மூன்றாவது. நமக்கு இங்கே இந்த இரண்டும் போதும்.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் இரண்டு முகவரிகள் உண்டு.

முதலாவது, "மேக்" முகவரி. குழந்தைக்குப் பெயர் வைப்பது போல, கருவி தொழிற்சாலையில் பிறக்கும்போதே சூட்டப்படுவது. எண்ணும் எழுத்தும் கலந்த 12 குறிகள் அதில் இருக்கும். முதல் பாதியைப் பார்த்தாலே எந்தக் கம்பெனி செய்தது என்று சொல்லி விடலாம்.

இரண்டாவது, "ஐ.பி." முகவரி. இது குடியிருக்கும் இடத்தின் விலாசம் போன்றது. வீடு மாறினால் விலாசம் மாறும் அல்லவா? அது போல, கம்ப்யூட்டரை வேறு இடத்துக்குக் கொண்டு போனால் ஐ.பி. முகவரியும் மாறும். இன்றும் பெருவழக்கில் உள்ள முறையில், 192.168.1.20 என்பது போல நான்கு எண்கள் அதில் இருக்கும். ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை வரலாம்.

பெயரைக் கொண்டு ஆளைத் தேடுவது இரண்டாவது அடுக்கு. விலாசத்தைக் கொண்டு தேடுவது மூன்றாவது அடுக்கு. இவ்வளவுதான் ரகசியம்!

ஒரே தெருவில் குடியிருப்பவர்களுக்கு விலாசம் எதற்கு? வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். ஒரே சுவிட்ச் பெட்டியில் இணைந்த கம்ப்யூட்டர்களும் அப்படித்தான். "192.168.1.20 என்ற விலாசத்தில் இருப்பது யார்?" என்று ஒரு கம்ப்யூட்டர் தெரு முழுவதும் கேட்கும்படி தண்டோரா போடும். உரியவர் மட்டும், "நான்தான்! என் பெயர் இது" என்று பதில் சொல்வார். பிறகு இருவரும் நேராகப் பேசிக் கொள்வார்கள்.

வேறு தெருவுக்குக் கடிதம் போக வேண்டுமானால்? அப்போதுதான் விலாசம் தேவை. கடிதம் தெரு முனையில் உள்ள சந்திக்குப் போகும். அங்கே வழி காட்டும் பெட்டி ஒன்று இருக்கும். அதற்கு "ரூட்டர்" என்று பெயர். விலாசத்தைப் பார்த்து, எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று அது சொல்லும்.

சந்தியில் நிற்கும் காவலன்

பயர்வாலின் துளைகளை லேயர் 3 முறையில் அமைத்தால், அது சந்தியில் நிற்கும் காவலன் ஆகிவிடுகிறது.

ஒவ்வொரு துளைக்கும் ஒரு ஐ.பி. முகவரி கொடுக்கப்படும். ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு தெருவைப் பார்த்து நிற்கும். "வெளியே போக வேண்டுமானால் இவரிடம்தான் போக வேண்டும்" என்று தெருவில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் சொல்லி வைத்து இருப்பார்கள். ஆகவே, இந்தக் காவலனை எல்லோருக்கும் தெரியும்.

இவன் காவலும் காப்பான், வழியும் காட்டுவான். உள்ளே இருப்பவர்களின் விலாசத்தை மறைத்து, தன் விலாசத்தைப் போட்டுக் கடிதத்தை வெளியே அனுப்பவும் இவனால் முடியும். ஒரு தெருவில் போடும் தண்டோரா மறு தெருவில் கேட்காதபடி நிறுத்தி விடுவான். அதனால் ஒரு தெருவின் சந்தடி மற்றொரு தெருவைக் கெடுப்பது இல்லை.

ஆனால் இவனிடம் ஒரு குறை உண்டு. ஒரே தெருவுக்குள் நடப்பது இவன் கண்ணில் படாது!

மூன்றாவது வீட்டுக்காரர் நான்காவது வீட்டுக்காரரோடு பேச சந்திக்கு வர வேண்டியது இல்லையே? அது போல, ஒரே தெருவில் உள்ள ஒரு கம்ப்யூட்டரைப் புழு பிடித்துவிட்டால், பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு அது தாவுவது சந்திக் காவலனுக்குத் தெரியாது. அவன் விழித்துக் கொண்டுதான் இருப்பான். ஆனால் அவன் முன்னால் எதுவும் கடந்து போகாது.

தெருவில் நிற்கும் காவலன்

லேயர் 2 முறையில் அமைத்த பயர்வால் இதற்கு நேர்மாறானது.

தகவல் போகும் துளைகளுக்கு ஐ.பி. முகவரியே கிடையாது. போகிற கம்பியை நடுவில் வெட்டி, இரண்டு முனைகளையும் பெட்டியின் இரண்டு துளைகளில் செருகுகிறார்கள். அவ்வளவுதான். இரண்டு பக்கமும் ஒரே தெருவாகவே இருக்கிறது. யாருடைய விலாசமும் மாறுவது இல்லை. நடுவில் ஒருவன் நிற்பது மற்ற கம்ப்யூட்டர்களுக்குத் தெரியவும் தெரியாது. மாறுவேடத்தில் தெருவில் உலாவும் போலீஸ்காரர் போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

அப்படியானால் இவனுக்கு மேக் முகவரி மட்டும்தான் படிக்கத் தெரியுமா?

பலரும் செய்யும் தவறு இது! லேயர் 2 என்பது இவன் நிற்கும் இடத்தைத்தான் குறிக்கிறது. இவனுடைய படிப்பை அல்ல. கடிதத்தின் விலாசம், தட்டப்போகும் கதவின் எண், உள்ளே இருக்கும் செய்தி ஆகிய எல்லாவற்றையும் சந்திக் காவலனைப் போலவே இவனும் படித்துப் பார்ப்பான். வழி காட்டும் வேலையை மட்டும் செய்ய மாட்டான்.

இவனால் என்ன லாபம்? ஆஸ்பத்திரியையே எடுத்துக் கொள்ளுங்கள்.

ஒரு ஸ்கேன் எந்திரம் பல ஆண்டுகள் உழைக்கும். அதற்குள் இருக்கும் கம்ப்யூட்டரோ அதற்குள் பழசாகிவிடும். புதுத் திருத்தம் போடுவது சுலபம் அல்ல. எந்திரத்தைச் செய்த கம்பெனியின் சம்மதம் இல்லாமல் அதன் விலாசத்தைக் கூட மாற்றக் கூடாது என்ற நிலைமையும் உண்டு. அந்த எந்திரத்துக்கு முன்னால் லேயர் 2 காவலன் ஒருவனை நிறுத்தலாம். "படங்களைச் சேர்த்து வைக்கும் கம்ப்யூட்டருக்குப் படம் அனுப்பலாம். வேறு யாரும் இதனோடு பேசக் கூடாது" என்று அவனுக்குக் கட்டளை இடலாம்.

வான்னா கிரை புழு தட்டிய கதவின் எண் 445. கம்ப்யூட்டர்கள் கோப்புகளைப் பகிர்ந்து கொள்ளும் கதவு அது. ஸ்கேன் எந்திரத்தின் அந்தக் கதவை வெளியார் தட்ட வேண்டிய அவசியம் இல்லையென்றால், தெருக் காவலன் அதை மூடி வைப்பான். எந்திரத்தில் ஒரு திருகாணியைக் கூடத் தொடாமல் அதற்குப் பாதுகாப்பு கிடைத்து விடுகிறது.

தெரு பெருத்தால் தொல்லை

"அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே தெருவாக வைத்துக் கொண்டு, ஆங்காங்கே தெருக் காவலனை நிறுத்தி விடலாமே?" என்று கேட்கலாம்.

அது கூடாது என்பதற்கு இன்னொரு ஆஸ்பத்திரியின் கதை சாட்சி.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் என்ற புகழ்பெற்ற ஆஸ்பத்திரி இருக்கிறது. 2002-ம் ஆண்டு நவம்பர் 13-ந்தேதி அங்கே கம்ப்யூட்டர்கள் எல்லாம் நத்தை வேகத்தில் ஊர ஆரம்பித்தன. பிறகு நின்றே போயின. புழுவும் இல்லை, திருடனும் இல்லை!

காரணம், தெரு அளவுக்கு மேல் நீண்டு விட்டது.

புதுக் கட்டிடம் வரும்போதெல்லாம் சுவிட்சோடு சுவிட்சை இணைத்துக் கொண்டே போனார்கள். எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய லேயர் 2 தெருவாகிவிட்டது. ஒரு கம்பி அறுந்தால் உதவட்டும் என்று இரட்டை வழிகளும் போட்டு இருந்தார்கள். இரட்டை வழி இருந்தால் தகவல் வட்டம் அடிக்கும் ஆபத்து உண்டு. மூன்றாவது அடுக்கில் போகும் கடிதத்துக்கு ஆயுள் எண் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சந்தியிலும் அது ஒன்று குறையும். பூஜ்யம் ஆனதும் கடிதம் மறைந்து விடும். இரண்டாவது அடுக்கில் அந்த ஆயுள் எண் கிடையாது. வட்டத்தில் மாட்டிக் கொண்ட தண்டோரா, செக்கு மாடு போலச் சுற்றிக் கொண்டே இருக்கும். சுற்றச் சுற்றப் பெருகவும் செய்யும்!

இதைத் தடுக்க ஒரு வழியை 1985-ம் ஆண்டில் ரேடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்டுபிடித்தார். உபரியான வழிகளை சுவிட்சுகளே பேசி மூடி வைத்துக் கொள்ளும் ஏற்பாடு அது. இன்றும் உலகம் எங்கும் பயன்படுகிறது. ஆனால் தெரு மிக நீண்டுவிட்டால், கடைசி சுவிட்சுக்குச் செய்தி சரியாகப் போய்ச் சேராது. பாஸ்டனில் நடந்தது அதுதான். பெருவாரியான தகவல் ஒரே சமயத்தில் பாய்ந்ததும், சுவிட்சுகள் தடுமாறின.

சுமார் நான்கு நாட்கள் டாக்டர்களும் நர்சுகளும் காகிதத்தில் எழுதி வேலை பார்த்தார்கள். பரிசோதனை முடிவுகளை ஆட்கள் கையில் எடுத்துக் கொண்டு ஓடினார்கள். கடைசியில், நீண்ட தெருவைப் பல சிறு தெருக்களாகப் பிரித்து, நடுவில் லேயர் 3 சந்திகளை அமைத்த பிறகுதான் நிலைமை சீர்ப்பட்டது. நடந்ததை மூடி மறைக்காமல், மற்றவர்களும் பாடம் கற்கட்டும் என்று அந்த ஆஸ்பத்திரியார் ஊருக்குச் சொன்னார்கள். அது பாராட்ட வேண்டிய செயல்.

எங்கே யாரை நிறுத்துவது?

இரண்டு கதைகளும் சேர்ந்து ஒரு பாடத்தைச் சொல்கின்றன.

முதலில் தெருக்களைப் பிரிக்க வேண்டும். டாக்டர்களின் கம்ப்யூட்டர்கள் ஒரு தெரு. கணக்கு அலுவலகம் ஒரு தெரு. ஸ்கேன் எந்திரங்கள் ஒரு தெரு. நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்களின் செல்போன்கள் வேறொரு தெரு. இதற்காகத் தனித்தனிக் கம்பி போட வேண்டியது இல்லை. ஒரே சுவிட்சைப் பல தெருக்களாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது. அதற்கு "வி-லேன்" என்று பெயர்.

பிரித்த பிறகு, தெருக்கள் சந்திக்கும் இடத்தில் லேயர் 3 காவலனை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு தெருவுக்கும் அவன் ஒரு துளையைக் கொடுப்பான். கணக்கு அலுவலகத்தில் பிடித்த தீ ஆபரேஷன் அறைக்குப் போக வேண்டுமானால், அவன் முன்னால்தான் போயாக வேண்டும்.

விலாசத்தை மாற்ற முடியாத இடம், வேலையை நிறுத்த முடியாத இடம், ஒரே ஒரு எந்திரத்தை மட்டும் தனியாகக் காக்க வேண்டிய இடம் ஆகியவற்றில் லேயர் 2 காவலனை நிறுத்தலாம். அவனைச் சுற்றிக் கொண்டு போக வேறு கம்பி இல்லாதபடி பார்த்துக் கொள்ள வேண்டும். பின்வாசல் திறந்து கிடந்தால் முன்வாசல் காவலால் என்ன பயன்?

இதற்காக இரண்டு பெட்டிகள் வாங்க வேண்டியதும் இல்லை. இப்போது வரும் பயர்வால்களில், ஒரே பெட்டியின் சில துளைகளை லேயர் 2 ஆகவும் சில துளைகளை லேயர் 3 ஆகவும் அமைத்துக் கொள்ளும் வசதி உள்ளவை பல இருக்கின்றன.

நம் வீட்டில்?

இது ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும் மட்டும் உரிய சமாசாரம் அல்ல.

வீட்டுச் சுவரில் மினுக் மினுக் என்று விளக்கு எரியும் இன்டர்நெட் பெட்டி இருக்கிறதே, அதுவும் ஒரு சிறிய சந்திக் காவலன்தான். வெளி உலகம் ஒரு தெரு. வீடு ஒரு தெரு. நடுவில் அது நிற்கிறது. வெளியிலிருந்து அழையாமல் வருகிறவர்களை அது உள்ளே விடுவது இல்லை.

ஆனால் வீட்டுக்குள் இருப்பது ஒரே தெரு. அப்பாவின் கம்ப்யூட்டர், பிள்ளைகளின் செல்போன், டெலிவிஷன், வாசலில் மாட்டிய காமிரா எல்லாம் அதே தெருவில்தான் குடியிருக்கின்றன. அவற்றில் ஒன்று கெட்டுப் போனால், மற்றவற்றின் கதவை அது தட்டுவது காவலனுக்குத் தெரியாது.

பல பெட்டிகளில் "விருந்தாளி வை-பை" என்று ஒரு வசதி இருக்கும். அது தனித் தெரு. வருகிறவர்களின் செல்போன்களையும், விலை மலிவாக வாங்கிய காமிராக்களையும் அந்தத் தெருவில் குடிவைப்பது நல்லது. கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் வரும் திருத்தங்களை "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடாமல் உடனே போட்டுக் கொள்வது அதைவிட நல்லது. இங்கிலாந்தில் மார்ச் மாதம் வந்த திருத்தத்தை மே மாதம் வரை போடாதவர்கள் பட்ட பாடு ஒன்றே போதும்.

காவல்காரன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், அவன் முன்னால் கடந்து போவதைத்தான் அவனால் தடுக்க முடியும். எனவே, விலை உயர்ந்த காவலனைத் தேடுவதற்கு முன், நம் வீட்டில் எத்தனை தெரு, எத்தனை வாசல் என்று எண்ணிப் பார்த்துக் கொள்ள வேண்டும். அதற்குச் செலவு எதுவும் இல்லை!